கடைசி வீட்டுச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட்

எல்வி அத்தையின் காரில் ஏறும்போது கோட்டைக் கழற்றக் கூடாது என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன். வேறு யாருடைய காராக இருந்தாலும் ஏறி உட்கார்ந்ததும் குல்லாய், கையுறை, கோட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின்சீட்டில் போடுவோம். எல்வி அத்தையின் காரில் மேலும் ஒன்றைப் போர்த்திக்கொள்ள வேண்டும். அதற்கென்றே பின்சீட்டில் இரண்டு கம்பளிகளை மடித்து வைத்திருந்தார்.

“ஹீட்டர் இல்லையா அத்தை?”

“இல்லாம என்ன? போட்டா ரொட்டியே சுடலாம். ஆனா பாதி வழியில வண்டி நின்னுடும். உனக்குச் சூடு வேணுமா, வீடு வேணுமா?”

வீடுதான் வேண்டும் என்றேன்.

“அப்ப காலைத் தூக்கிச் சீட்டு மேல வெச்சுக்கோ. தரைதான் முதல்ல குளிரும்.”

எங்கள் எஸ்டோனியாவில் ஊராட்சிகளின் சமூகநலப் பணியாளர்களுக்கு அரசு மின்சாரக் கார்களைக் கொடுத்திருந்த காலம் அது. கார்களைக் கொடுத்துவிட்டு, அவை சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் இடங்களை அதன் பிறகு நாடு முழுக்க அமைத்துக்கொண்டிருந்தோம். சின்ன நாடு. வடக்குக் கடற்கரையில் காலைக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் தெற்கு எல்லைக்கு வந்துவிடலாம். நெடுஞ்சாலைகளில் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்று என்று வேக சார்ஜர்களை நட்டுவிட்டால், பெட்ரோல் இல்லாமலே ஒரு தேசம் முழுக்கச் சுற்றி வரலாம். உலகத்தில் பெரிய நாடுகளே இன்னும் செய்யாத வேலை. அதில் நானும் இருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அப்பா சோவியத் காலக் கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர், அம்மா அங்கேயே பால் கறந்தவர். நான் தலைநகர் தாலினில் மின்பொறியியல் படித்து முடித்து, சார்ஜர் நடும் வேலையில் சேர்ந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு சார்ஜரையும் பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டி, “என் பையன் நட்டது” என்று சொல்வாராம். பாதி நான் நட்டதல்ல. அவரிடம் நான் அதைச் சொன்னதில்லை.

சோசலு ஊராட்சி அந்த வரைபடத்தில் இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து விலகி, வோரு நகரத்துக்கும் அப்பால், சதுப்பைச் சுற்றிக் கிடக்கும் ஊர், அப்பா அம்மா வேலை செய்த பண்ணை இருந்ததும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் அங்கே ஒரு சார்ஜர் வேண்டுமென்று ஊராட்சித் தலைவர் உர்மாஸ் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், மின்பாதை தாங்குமா என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். நவம்பர் மாதம். ஊராட்சி அலுவலகத்து வாசலில் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்த பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ டிராக்டர்கார ஆர்தரோட மகன்தானே? தர்மோ?”

“ஆமாங்க.”

“உங்கம்மா கறந்த பால்ல கொழுப்பு எவ்வளவுன்னு பாத்தவ நான். ஏறு. கம்பம் பாக்கத்தானே வந்தே? கடைசிக் கம்பம் வரைக்கும் நான்தான் போறேன்.”

அன்றிலிருந்து அவர் எனக்கு எல்வி அத்தை.

கூட்டுப்பண்ணை இருந்தவரை எல்வி அத்தை அதன் பால் சோதனைக்காரர். பண்ணை கலைந்து மாடுகள் விற்றுப்போனதும், வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்து வர ஊராட்சிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. சேர்ந்துவிட்டார். “வேலை ஒண்ணும் மாறல. மாடுங்க சொன்ன பேச்சு கேக்கும், கிழவங்க கேக்க மாட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்” என்பார்.

கணவர் ஹெய்கி கட்டட வேலைக்குப் பின்லாந்து போனவர். முதலில் மாதா மாதம் கப்பலில் வந்தார். பிறகு கிறிஸ்துமஸுக்கும் நடுக்கோடைப் பண்டிகைக்கும் மட்டும். பிறகு போன் மட்டும். அந்தப் போன் எப்போது நின்றது என்று எல்வி அத்தையால் சரியாகச் சொல்ல முடியவில்லை. “கடைசியாப் பேசினப்ப இதுதான் கடைசின்னு தெரியாதே. தெரிஞ்சிருந்தா தேதியைக் குறிச்சு வெச்சிருப்பேன்” என்றார் சாலையைப் பார்த்தபடி. அவர் விட்டுப்போன ஆட்டுத்தோல் கோட்டைத்தான் காருக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மகள் அயர்லாந்தில். எல்வி அத்தை குடியிருந்தது பண்ணைக் காலத்தில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். ஒரு காலத்தில் படிக்கட்டில் ஆள் நடமாட்டம் ஓயாத கட்டடம். இப்போது சாயங்காலத்தில் விளக்கெரியும் சன்னல்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

வியாழக்கிழமைகளில் அவர் சதுப்புக்கு அந்தப் பக்கம் போவார். அங்கே கடைசி வீடு எவால்ட் மாமாவுடையது. நேராகப் பறந்தால் பக்கம். சதுப்பைச் சுற்றிக் காட்டுப் பாதையில் போனால் போக வர அறுபது கிலோமீட்டர். கோடையில் அந்தக் கார் அதைப்போல் இரண்டு மடங்கு ஓடும். கடுங்குளிரில் அது வெகுவாகக் குறையும், ஹீட்டர் போட்டால் இன்னும். காலையில் ஊருக்குள் மற்ற வீடுகளுக்கு ஓடிவிட்டுத்தான் அங்கே போவார், நடுவில் சட்டென்று ஏற்றிக்கொள்ள இடமில்லை.

கார் கிடைத்த முதல் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் போடாமல் ஓட்டியிருக்கிறார். மூச்சு கண்ணாடியில் படிந்து உள்பக்கம் உறையும். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் சுரண்டி. காலில் அந்தக்காலக் குதிரைவண்டிக்காரர்கள் போடுவது போல் முழங்கால் வரை கம்பளிப் பூட்ஸ். கடைக்கார லெய்லி அதைப் பார்த்துவிட்டு, “எல்வி, குதிரையை எங்க கட்டிட்டு வந்தே?” என்று கேட்டாளாம். அப்படியும் ஜனவரியில் ஒரு நாள் திரும்பும் வழியில் வண்டி காட்டுக்கு நடுவே நின்றுவிட்டது. மூக்கு முடி உறையும் குளிர். மரம் ஏற்றி வந்த லாரிக்காரர் கண்ணில் பட்டதால் பிழைத்தார்.

அன்றுதான் உர்மாஸ் முடிவெடுத்தார். அடுத்த குளிர்காலத்துக்குள் சோசலுவில் ஒரு சார்ஜர் வர வேண்டும். வராவிட்டால் எவால்டை வோருவில் உள்ள முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும். கெட்ட மனிதரல்ல உர்மாஸ். “ஒரு கிழவரைப் பாக்கப் போயி ரெண்டு பேரைப் புதைக்க முடியாது” என்றார் என்னிடம்.

நான் சோதித்துப் பார்த்ததில் டிரான்ஸ்பார்மர் தாங்காது. பெரியது போட வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், எப்படிப் பார்த்தாலும் இந்தப் பனிக்குள் நடக்காது. அதை உர்மாஸிடம் போனில் சொன்னேன். “அப்ப எல்வி இன்னைக்கே அவர்கிட்ட சொல்லிடட்டும்” என்று வைத்துவிட்டார்.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை, கால்களைச் சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டு, நாங்கள் கடைசி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எல்வி அத்தை ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

“அவரை ஒரு தடவை அந்த வீட்டுலேர்ந்து ஏத்திட்டுப் போயிருக்காங்க. நாப்பத்தொம்பதுல. பதிமூணு வயசுப் பையன். சைபீரியாவுக்கு.”

சோவியத் ஆட்சி குடும்பம் குடும்பமாக ஆட்களை ரயிலேற்றி அனுப்பிய வருஷம். எங்கள் பக்கத்தில் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

எவால்ட் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். உயரமான ஆள், முதுகு மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. இருபது வருஷமாக வாரந்தோறும் பார்த்துக்கொள்ளும் இருவரும் ஒருவரையொருவர் நீங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். எல்வி அத்தை மாத்திரை டப்பாவை நிரப்பினார், ரத்த அழுத்தம் பார்த்தார், ரொட்டியையும் பாலையும் எடுத்து வைத்தார். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் என்பது விதி. எவால்ட் மாமா அடுப்பில் காபியைக் கொதிக்க வைத்து, சக்கை அடியில் தங்கும்வரை பொறுத்து ஊற்றினார்.

“உர்மாஸ் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு” என்று ஆரம்பித்தார் எல்வி அத்தை.

“தெரியும். சார்ஜர் வராட்டி இல்லம்தான்னு லெய்லி போன்ல சொன்னா. பனிக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“முன்னால.”

எவால்ட் மாமா தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, “மூட்டை மட்டும்தானா, இல்ல டிரங்குப் பெட்டியும் கொண்டு வரலாமா?” என்றார். பிறகு, “எங்கம்மாவும் அவங்ககிட்ட இதையேதான் கேட்டாங்க” என்று சேர்த்துக்கொண்டார்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கம்பத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கடைசிக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் வந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வெளிச்சுவரில் ஒரு பிளக் பாயிண்ட். மழை படாமல் அதன்மேல் சின்னதாக ஒரு தகரக் கூரை. பழைய மரச்சுவரில் அது மட்டும் புதுசு. எல்வி அத்தை கார் நிறுத்தும் இடத்துக்கு நேரே, அந்தக் காரில் ஒயர் சொருகும் மூடி எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில். எர்த் கம்பி தனியாக மண்ணுக்குள் போயிருந்தது. யாரோ தெரிந்த ஆள் செய்த சுத்தமான வேலை. ஒரே ஒரு தடவைகூட எதையும் சொருகிய கீறல் அதில் இல்லை.

உள்ளே வந்து கேட்டேன்.

“மாமா, வெளிச்சுவத்துல பிளக் பாயிண்ட் எதுக்கு?”

“சும்மாதான்.”

எல்வி அத்தை நிமிர்ந்தார். “ரம்பத்துக்குன்னு சொன்னீங்களே?”

“நான் சொல்லல. ரம்பத்துக்கான்னு நீங்க கேட்டீங்க. நான் ‘ம்’னேன்.”

“ரம்பம் கொட்டகையில இருக்கு மாமா. அங்க வேற பாயிண்ட் இருக்கு. பாத்துட்டுத்தான் வர்றேன்.”

எவால்ட் மாமா குவளையை மேசைமேல் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்ட பையனைப் போல இருந்தது முகம்.

“வண்டிக்குத்தான்.”

“எந்த வண்டிக்கு?” என்றார் எல்வி அத்தை.

“இந்த வாசலுக்கு எத்தனை வண்டி வருது?”

அடுப்பில் பிர்ச் கட்டை ஒன்று வெடித்தது.

“காட்டுல நின்னுச்சே உங்க வண்டி, அந்த மாசமே போட்டுட்டேன். வோருவிலேர்ந்து எலக்ட்ரீஷியன் வந்தான்.”

“அப்ப பத்து மாசமா இருக்கு. ஏன் என்கிட்ட சொல்லல?”

“எவ்வளவு நேரம் புடிக்கும்னு அவன்கிட்ட கேட்டேன். சாதாரணப் பாயிண்ட்ல நாலு மணி நேரம், குளிர்ல அஞ்சுன்னான்.” அவர் சன்னலைப் பார்த்தார். “உங்களுக்கு அரை மணி நேரம்தான் கணக்கு. பாயிண்ட் இருக்குன்னு சொன்னா, அஞ்சு மணி நேரம் இங்க உக்காருங்கன்னு சொல்ற மாதிரி ஆயிடுமே.”

எல்வி அத்தையின் கழுத்து சிவந்தது.

“ஒயரு வண்டியிலயேதான் கெடக்கு. நானும் போன குளிர்காலம் முழுக்கக் கேக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் வந்தேன். ஒருத்தர் வீட்டுல போயி எப்படிக் கரண்ட் கேக்கறது? அதுவும் அவங்க அடுப்படியில அஞ்சு மணி நேரம் உக்காந்துகிட்டு?”

எங்கள் ஆட்கள் இப்படித்தான். கிணற்றில் விழுந்தவரைப் பார்த்தால் கயிறு போடலாமா, தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று யோசிப்போம். விழுந்தவரும் பாவம் அவருக்கு என்ன வேலையோ என்று கூப்பிடாமல் இருப்பார்.

எல்வி அத்தை எழுந்து வெளியே போனார். சன்னல் வழியாக நானும் எவால்ட் மாமாவும் பார்த்தோம். காரின் பின்கதவைத் திறந்து, கம்பளிகளுக்கு அடியிலிருந்து ஒயரை எடுத்து, ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையைச் சுவரிலும் சொருகினார். உள்ளே விளக்கு ஒரு நொடி மங்கி மறுபடி நிமிர்ந்தது. திரும்பி வந்தவர், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, ஹெய்கியின் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

எவால்ட் மாமா இரண்டாவது காபி போட்டார்.

அந்தக் குளிர்காலம் எவால்ட் மாமா இல்லத்துக்குப் போகவில்லை. சுவரில் பாயிண்ட் இருக்கும்போது என்ன ஆபத்து என்று நான் எழுதிக் கொடுத்தேன். உர்மாஸுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. “வண்டி சார்ஜ் ஏறுற நேரம் எல்விக்கு வேலை நேரமா, ஓய்வு நேரமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். “எனக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்” என்றார்.

அந்த வியாழக்கிழமைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்வி அத்தை சொல்லிக் கேட்டதுதான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எவால்ட் மாமா உருளைக்கிழங்கு உரிப்பார். எல்வி அத்தை பன்றி இறைச்சி போட்டு, மாவும் பாலும் கரைத்த வெள்ளைச் சாறு வைப்பார். சாப்பிட்டுவிட்டுக் குறுக்கெழுத்துப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொள்வார்கள். மலை, நதி, தலைநகரமெல்லாம் மாமா. பாட்டுக்காரர்கள், நடிகைகள் எல்லாம் அத்தை. சில நாள் ஒரு மணி நேரம்கூடப் பேச்சே இருக்காது. அத்தை கையுறை பின்னுவார், மாமா அடுப்பைப் பார்த்துக்கொள்வார். ஒரு தடவை மாமா, “நீங்க பேசாம இருக்கிறப்ப வீடு வேற மாதிரி இருக்கு” என்றாராம். அதைச் சொல்லிவிட்டு எல்வி அத்தை என் பக்கம் திரும்பி, “நான் இல்லாதப்பவும் வீடு பேசாமதானே இருக்கும்?” என்று கேட்டார்.

“திரும்பி வர்றப்ப வழி பூரா ஹீட்டர். காலு வேர்த்துப்போச்சுடா” என்றார் இன்னொரு நாள்.

ஊரில் பேச்சு வராமல் இருக்குமா? “சார்ஜ் ஏறுறது வண்டிக்கா, எல்விக்கான்னு தெரியல” என்றாள் லெய்லி, நான் கடையில் தயிர்க்கட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தபோது. “போன வாரம் லிப்ஸ்டிக் போட்டிருந்தா. எம்பது வயசு எவால்டுக்கு முன்னால!”

“அவருக்கு எழுபத்தாறுதான்” என்று பின்னாலிருந்து எல்வி அத்தையின் குரல் வந்தது. “உன் கடை ரொட்டி அவரைவிடப் பழசு.”

இதற்கிடையே நான் சும்மா இருக்கவில்லை. நெடுஞ்சாலைகளில் வேலை முடிந்து, நாடு முழுக்கச் சார்ஜர்கள் உயிர்பெற்று, செய்தித்தாள்களில் எங்களைப் பற்றி எழுதினார்கள். எனக்குச் சோசலு மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. மேலதிகாரியிடம் பேசினேன், கணக்குப் போட்டுக் காட்டினேன், இன்னோர் ஊரில் இடத்துக்காரர் மறுத்ததும் அந்தச் சார்ஜரைச் சோசலுவுக்குத் திருப்பிவிட வைத்தேன். புது டிரான்ஸ்பார்மர் வந்தது. அடுத்த இலையுதிர் காலத்தில் லெய்லி கடை முற்றத்தில் என் கையாலேயே சார்ஜரை நிறுத்தினேன்.

திறப்பு விழாவுக்கு அப்பாவும் வந்திருந்தார். இது நிஜமாகவே நான் நட்டது. உர்மாஸ் பேசினார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடினார்கள், லெய்லி கேக் வெட்டினாள். முதல் வண்டியாக எல்வி அத்தையின் காரை நிறுத்தி, தடித்த ஒயரை அவர் கையில் கொடுத்தேன். திரையில் எண் கடகடவென்று ஏறியது. காபி ஆறுவதற்குள் பேட்டரி கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது.

“இவ்வளவு சீக்கிரமாவா?” என்றார் எல்வி அத்தை.

“அரை மணி நேரம்கூட ஆகல!” என்றார் அப்பா, எல்லாருக்கும் கேட்கும்படி.

அடுத்த வாரமே உர்மாஸ் எல்வி அத்தையின் வியாழக்கிழமையில் இன்னும் இரண்டு வீடுகளைச் சேர்த்துவிட்டார். நியாயம்தான், பார்க்க ஆளில்லாத முதியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. கடைசி வீட்டில் மறுபடியும் அரை மணி நேரமானது. எவால்ட் மாமாவிடம் அத்தை, “இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல” என்று சொல்லியிருக்கிறார். “நல்லதாப் போச்சு, நீங்களும் சீக்கிரம் வீடு போகலாம்” என்று மாமா சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு அத்தை, ரத்தமும் பார்லியும் அடைத்த குடலைப் பொரித்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு நின்றபடியே திரும்பினார். அடுத்த வீட்டில் காத்திருந்தார்கள்.

ஜனவரியில் எவால்ட் மாமாவே ஊராட்சிக்குப் போன் செய்து, இல்லத்தில் தனக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் அப்போது சார்ஜரைப் பராமரிக்கச் சோசலுவுக்கு வந்திருந்தேன். லெய்லி கடைக்குள்ளிருந்து கோட்டு போடாமலே ஓடி வந்தாள். இந்தத் தடவை அவள் முகத்தில் கேலி இல்லை.

“எவால்ட் போறாரு. அவரா கேட்டாராம். எல்விதான் கொண்டு போயி விடப்போறா.”

எல்வி அத்தை அப்போதுதான் வண்டியைச் சார்ஜரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏன் அத்தை? இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சே. வண்டி வருது, போகுது…”

“நானும் உர்மாஸைக் கேட்டேன். ‘வாரத்துல அரை மணி நேரம் பாக்கறதுக்கு எனக்காக ஒரு பொண்ணு அவ்வளவு தூரம் வரணுமா’ன்னு எவால்ட் சொன்னாராம்.” ஒயரைப் பெட்டியில் மாட்டியவர் கையை எடுக்காமல் நின்றார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நானும் கேக்கல. டிரங்குப் பெட்டி கனமா இருக்கும். வர்றியா?”

காருக்குள் நல்ல சூடு. காடு தொடங்குவதற்குள் கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் போட வேண்டியதாகிவிட்டது. அந்தக் காரில் நான் கோட்டைக் கழற்றியது அன்றுதான். பேட்டரி முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் இருந்தது. கடைவரை திரும்பத் தாராளமாகப் போதும், அங்கே நிரப்பிக்கொண்டால் வோருவுக்கும் போய்விடலாம்.

எவால்ட் மாமா வீட்டைச் சுற்றி முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. கொட்டகைக்குப் போகும் பாதையைக்கூட அவர் வாரவில்லை. கார் நிற்கும் இடம் மட்டும் தரை தெரிய வாரியிருந்தது. அங்கிருந்து சுவர் வரை, பிளக் பாயிண்டுக்குக் கீழே, ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு ஒரு வழி. ஓரங்களில் பழைய பனி இறுகி, அதன்மேல் புதுப்பனி, அதன்மேல் நேற்றைய பனி என்று அடுக்கடுக்காக வெட்டுத் தெரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு பனிக்குப் பிறகும் வாரியிருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் அந்தப் பாயிண்டில் ஒரு நாள்கூட எதையும் சொருகியதில்லை.

எல்வி அத்தை வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எப்பவும் வாரியிருந்துச்சா?” என்று கேட்டேன்.

“இருந்திருக்கும். நான் அவசரத்துல வாசலை மட்டும்தான் பாத்திருக்கேன்.”

உள்ளே எவால்ட் மாமா சர்ச்சுக்குப் போகும் கோட்டில், சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவருகே டிரங்குப் பெட்டி. அதன்மேல் போர்வையில் கட்டிய மூட்டை. வீட்டுக்குள் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

“அடுப்பை அணைச்சுட்டீங்களா?”

“யாருமில்லாத வீட்டுல நெருப்பு எதுக்கு?” அவர் எழுந்தார். “பையன் வந்திருக்கான், நல்லது. பெட்டி கனம்.”

நான் பெட்டியின் பக்கம் குனிந்தேன்.

“இருடா” என்றார் எல்வி அத்தை. பிறகு எவால்ட் மாமாவைப் பார்க்காமல், கையுறையைப் பார்த்தபடி சொன்னார். “வண்டியில சார்ஜ் இல்ல.”

எவால்ட் மாமா அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். படித்தவன், என்ஜினியர், சரியாகச் சொல்வான் என்று நினைத்திருப்பார்.

“கடைப் பக்கத்துல புதுசா ஒண்ணு வந்திருக்கே? அரை மணி நேரத்துல நிறைஞ்சுடும்னாங்களே?”

எத்தனை கடிதம், எத்தனை பயணம், எவ்வளவு சண்டை போட்டுக் கொண்டுவந்த சார்ஜர். அப்பா இன்னும் பஸ்ஸில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

“அதையெல்லாம் நம்ப முடியாது மாமா. இந்தக் குளிர்ல அது சரியா வேலை செய்யல” என்றேன்.

எவால்ட் மாமா சன்னலுக்குப் போய்ப் பனி படிந்த கண்ணாடியில் நகத்தால் ஓர் ஓட்டை சுரண்டி வெளியே பார்த்தார். எல்வி அத்தை அதற்குள் வெளியே போய், வாரியிருந்த வழியில் நடந்து, ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தார்.

“அஞ்சு மணி நேரம் புடிக்குமே” என்றார் மாமா, அத்தை உள்ளே வந்ததும்.

“புடிக்கும்.”

“அப்ப அடுப்பைப் பத்த வைக்கணும்.”

கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, மண்டியிட்டு, பிர்ச் பட்டையை உரித்துத் தீக்குச்சி கிழித்தார். மூன்று குச்சி பிடித்தது. எல்வி அத்தை மூட்டையை அவிழ்த்துக் காபிப் பாத்திரத்தையும் குறுக்கெழுத்துப் புத்தகத்தையும் வெளியே எடுத்தார். நான் கிணற்றுக்குப் போனேன்.

சாயங்காலம் இருட்டும் நேரத்தில் உர்மாஸ் போன் செய்தார். அடுப்படி சின்னது, அவர் பேசுவதெல்லாம் எங்களுக்கும் கேட்டது.

“எங்க இருக்கீங்க எல்வி? இல்லத்துல காத்துக்கிட்டிருக்காங்க.”

“வண்டி இன்னும் ஏறல.”

“காலையிலதானே கடைகிட்ட ஏத்தினே? லெய்லி பாத்தாளே?”

“ஏறலன்னா ஏறல.”

“சரி, நாளைக்கு?”

எவால்ட் மாமா பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு புத்தகத்தில் குனிந்திருந்தார். ஒரு கட்டத்தை நீண்ட நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கும் ஏறாது” என்றார் எல்வி அத்தை. “அந்த ரெண்டு வீட்டுக்கும் நான் வெள்ளிக்கிழமை போறேன். வியாழக்கிழமை வண்டி இங்கதான் நிக்கும்.”

“வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை” என்றார் உர்மாஸ்.

“விடுமுறையில நான் என்ன செய்யப்போறேன், உர்மாஸ்?”

போனை மடக்கி வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். “ஏழு எழுத்தா, எட்டா?” என்று மாமாவைக் கேட்டார்.

நாங்கள் கிளம்பும்போது டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் பழைய இடத்துக்குப் போயிருந்தது. எவால்ட் மாமா வாசல்வரை வந்தார். அடுத்த வியாழக்கிழமை என்று யாரும் சொல்லவில்லை. காரின் பின்கண்ணாடியில் அவர் வீட்டுச் சன்னல் ஒன்று மட்டும் வெகுதூரம் தெரிந்துகொண்டே வந்தது. முதல் வளைவில் மரங்கள் மறைத்தன. அதற்கப்புறம் சோசலு வரை வேறு விளக்கு இல்லை.

கடை முற்றத்தில் என் சார்ஜர் பனிக்குள் பச்சை விளக்கோடு நின்றிருந்தது. எல்வி அத்தை அதன் பக்கத்தில் என்னை இறக்கிவிட்டுப் போனார். என் வண்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, கடைக்கு எதிரே அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குள் அவர் நுழைவதைப் பார்த்தேன். படிக்கட்டு விளக்குகள் எப்போதோ பழுதாகிவிட்டவை. இருட்டிலேயே ஏறிப்போனார். நான் காத்திருந்தேன். ஒவ்வொரு மாடியாக ஏறி, சாவி தேடி, கதவு திறந்து, கோட்டைக் கழற்றும் நேரம் ஆகியிருக்கும். கடைசியில் மேல்மாடியில் ஒரு சன்னலில் விளக்கு எரிந்தது.